பச்சை உடம்பும் பிள்ளைப் பாலும்: பேறுகால எடை எப்போது, எப்படிக் குறையும்?

“இன்னும் வயிறு இறங்கலையே, பால் கொடுக்கறியா இல்லையா?”

குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் தொட்டிலை எட்டிப் பார்த்த கையோடு தாயிடம் கேட்கும் கேள்வி இது. அடுத்த நிமிடமே அதே வாய், “நல்லா சாப்பிடும்மா, ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்” என்றும் சொல்லும். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் பல இளம் தாய்மார்கள் அகப்பட்டுக் கொள்கிறார்கள். சிலர் சொன்னபடியெல்லாம் சாப்பிட்டு எடையை மேலும் ஏற்றிக் கொள்கிறார்கள். சிலர் யாருக்கும் தெரியாமல் இரவுச் சாப்பாட்டை நிறுத்துகிறார்கள். கைப்பேசி விளம்பரத்தைப் பார்த்து இளைப்பதற்கான மாத்திரை வாங்குகிறவர்களும், அதற்காகவே தாய்ப்பாலை நிறுத்திப் பால்மாவுக்கு மாறுகிறவர்களும் உண்டு.

தாய்ப்பால் கொடுத்தால் உடம்பு தானாக இளைத்துவிடும் என்பது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஏறிய எடை எங்கே போகிறது?

சராசரி உடல்வாகு கொண்ட பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் 11.5 முதல் 16 கிலோ வரை எடை கூடுவது இயல்பு. ஏற்கெனவே பருமனாக இருப்பவர்களுக்கு இந்த அளவு குறைவாக இருக்க வேண்டும். ஏறியது எல்லாம் கொழுப்பு அல்ல. குழந்தை சுமார் 3 கிலோ, நஞ்சுக்கொடி அரை கிலோவுக்குச் சற்று மேல், பனிக்குட நீர் ஏறக்குறைய 1 கிலோ. ஆக, பிரசவத்தன்றே சுமார் 5 கிலோ இறங்கிவிடுகிறது. உடம்பில் தேங்கிய நீர் அடுத்த ஒன்றிரண்டு வாரங்களில் வியர்வையாகவும் சிறுநீராகவும் வெளியேறும். பிள்ளை பெற்றவளுக்கு இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்ப்பது இதனால்தான்.

கருப்பையின் கதை தனி. பிரசவம் முடிந்ததும் ஏறக்குறைய 1 கிலோ இருக்கும் கருப்பை, ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே சுருங்கிவிடும். குழந்தை பால் குடிக்கும்போது தாயின் உடலில் சுரக்கும் ஆக்ஸிடோசின் இந்தச் சுருக்கத்துக்கு உதவுகிறது. முதல் சில நாள்களில் பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிப்பது அதன் அறிகுறிதான். எனவே ஆறு வாரம் ஆகும் முன்பே “வயிறு இறங்கலையே” என்று கேட்பதில் பொருளே இல்லை.

இதற்குப் பிறகும் மிஞ்சுவது கொழுப்பு. அதில் 2 முதல் 4 கிலோ வரை உடம்பு திட்டமிட்டே சேர்த்து வைத்தது. பால் சுரக்கும் மாதங்களில் எடுத்துச் செலவு செய்ய உடம்பு போட்டு வைத்த சேமநிதி என்று சொல்லலாம். கர்ப்ப காலத்தில் எடை அளவுக்கு மீறி ஏறியிருந்தால் இந்தக் கணக்கில் தேவைக்கு மேலேயே இருப்பு இருக்கும்.

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 750 மில்லிலிட்டர் பால் வேண்டும். அதைச் சுரக்க உடம்பு செலவிடுவது சுமார் 500 கலோரி. இதில் மூன்றில் ஒரு பங்கைச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொண்டு மீதியை உணவிலிருந்து கேட்கிறது. பால் கொடுக்கும் பெண்ணுக்கு அடிக்கடி பசிப்பதற்கு இதுவே காரணம். அந்தப் பசி பொய்ப்பசி அல்ல.

ஆனால் 500 கலோரி என்பது நாம் நினைப்பது போல் பெரிய தொகை இல்லை. ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 கலோரி. தே தாரிக்கில் ஊற்றும் டின் பால் இரண்டு மேசைக்கரண்டி என்றால் 130. அந்த ரொட்டியோடு காலையில் ஒரு தே, மாலையில் ஒரு தே என்று குடித்தால், ஒரு நாள் முழுவதும் பால் சுரந்து செலவான கணக்கு அங்கேயே நேராகிவிடும். தாய்ப்பாலால் எடை குறைகிறதா என்று பார்த்த ஆய்வுகள் ஒரே மாதிரியான முடிவைத் தராததற்கு இதுவும் ஒரு காரணம். பால் கொடுத்து இளைத்தவர்களும் இருக்கிறார்கள். பால் கொடுத்துக்கொண்டே எடை கூடியவர்களும் இருக்கிறார்கள்.

பாட்டியின் பத்தியம், பேத்தியின் நாற்காலி

நம் சமூகத்தின் பத்தியச் சாப்பாட்டைக் குறை சொல்வது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. அது நியாயம் இல்லை. பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், பால் சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, கருவாடு, நாட்டுக்கோழி என்று பார்த்தால் பச்சை உடம்புக்குத் தேவையான புரதமும் இரும்புச்சத்தும் அதில் இருக்கின்றன. பத்தியம் என்ற சொல்லுக்கே உடம்புக்கு உகந்தது என்றுதான் பொருள். பட்டினி என்றோ விருந்து என்றோ பொருள் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பத்தியம் யாருக்காக ஏற்பட்டது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். லயத்து வீட்டில் பிள்ளை பெற்ற பாட்டி, பத்தியம் முடிந்ததும் விடியும் முன் பெரட்டுக்கு எழுந்தாள். குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரக் காட்டில் மேடும் பள்ளமுமாக நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவினாள். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் வரை நடந்தாள். வீட்டுக்கு வந்து தண்ணீர் பிடித்தாள், விறகு வெட்டினாள். அவள் சாப்பிட்ட நல்லெண்ணெயும் சோறும் அந்த நடையில் கரைந்தன. அந்த வாழ்க்கை சுகமானது என்று யாரும் சொல்ல முடியாது. அவளுடைய உடல் உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு அது, அவ்வளவே.

பேத்தி வாழ்வது தாமான் வீட்டில் அல்லது அடுக்குமாடியில். வேலைக்கு மோட்டார் சைக்கிள், வேலையிடத்தில் நாற்காலி. சாப்பாடு மட்டும் பாட்டியுடையது. போதாததற்குப் பாட்டி காலத்தில் இல்லாத சிலவும் அதில் சேர்ந்துகொண்டன. பால் ஊற வேண்டும் என்று நாளைக்கு மூன்று நான்கு கிளாஸ் மைலோ, ஹார்லிக்ஸ், பேரீச்சம்பழச் சாறு, பார்க்க வருகிறவர்கள் கொண்டு வரும் கேக்கும் பிஸ்கட் டின்னும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. குழம்பில் மிதக்கும் நல்லெண்ணெயை மூன்று வேளைக்கும் கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும்.

இனிப்புப் பானம் குடித்தால் பால் ஊறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. குழந்தை அடிக்கடி சரியாகப் பற்றிக் குடிப்பதும், மார்பு காலியாவதும்தான் பாலைப் பெருக்கும். தாகத்துக்கு வெறும் தண்ணீர் போதும். ஆனால் சில வீடுகளில் “தண்ணி குடிச்சா வயிறு வச்சிடும்” என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரையே அளந்து கொடுக்கிறார்கள். இது தவறு. தண்ணீரால் வயிறு பெருக்காது. இந்த வெயிலில் தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தலைவலி, மயக்கம் எல்லாம் வரும்.

எவ்வளவு வேகம் சரி?

முதல் ஆறு முதல் எட்டு வாரம் எடையைப் பற்றி நினைக்காமல் இருப்பதே நல்லது. அது காயம் ஆறும் காலம், பால் சுரப்பு நிலைபெறும் காலம். அதன் பிறகு வாரத்துக்கு அரை கிலோ வரை குறைப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பானது என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இதற்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். அமெரிக்காவில் பால் கொடுக்கும் 40 தாய்மார்களிடம் நடத்தப்பட்டு 2000-ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது அது. எல்லாரும் சற்றே எடை கூடியவர்கள். ஒரு பிரிவினர் குழந்தை பிறந்த 4-ஆவது வாரத்திலிருந்து 14-ஆவது வாரம் வரை நாளைக்கு 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டு, வாரத்தில் நான்கு நாள் உடற்பயிற்சி செய்தார்கள். அவர்கள் சராசரியாக 4.8 கிலோ குறைந்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்கள் 0.8 கிலோதான் குறைந்தார்கள். இரு பிரிவுக் குழந்தைகளின் வளர்ச்சியிலும் வித்தியாசம் இல்லை. மெதுவாகக் குறைத்தால் பால் வற்றாது என்பது இதில் தெரிகிறது. பால் கொடுத்தால் மட்டும் போதாது என்பதும் தெரிகிறது.

பட்டினி வேறு விஷயம். பால் கொடுக்கும் பெண் நாளைக்கு 1,500 கலோரிக்குக் கீழே இறங்கக் கூடாது, பெரும்பாலோருக்கு 1,800 ஆவது வேண்டும் என்று உணவியல் வல்லுநர்கள் சொல்கிறார்கள். அரிசி, கோதுமை எல்லாவற்றையும் அறவே நிறுத்தும் உணவுமுறை இணையத்தில் பரவலாகப் பேசப்படுகிறது. பால் கொடுக்கும்போது அதைக் கடைப்பிடித்து இரத்தத்தில் அமிலத்தன்மை கூடி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட தாய்மார்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. அந்த வழி வேண்டவே வேண்டாம்.

வேகம் அதிகமாகிவிட்டதா என்பதைக் குழந்தையிடமே பார்த்துக்கொள்ளலாம். நாளைக்கு ஆறு முறையாவது நாப்பி நனைய வேண்டும். கிளினிக்கில் நிறுக்கும்போது எடை ஒழுங்காக ஏற வேண்டும். இரண்டில் ஒன்று தவறினால் எடைக் குறைப்பை நிறுத்திவிட்டுத் தாதியைப் பார்க்க வேண்டும்.

தட்டில் எதை மாற்றுவது?

தனிச் சமையல் தேவையில்லை. சுகாதார அமைச்சு சொல்லி வரும் “சூக்கு சூக்கு செப்பாரோ” முறையே போதும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, பாதி காய்கறியும் பழமும். நம் வீட்டுத் தட்டில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கும். முக்கால் தட்டு சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி காய். ஒரு கப் சோற்றில் சுமார் 200 கலோரி என்பதால் இந்த ஒரு மாற்றத்திலேயே பெரிய வித்தியாசம் வந்துவிடும்.

செலவும் அதிகம் ஆகாது. கெம்போங் மீன், நெத்திலி, முட்டை, தவு, தெம்பே, பருப்பு எல்லாமே புரதம். வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம் இருந்தால் கீரைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுத்துவிட்டுப் பசிக்கும்போது கைக்கு எட்டுவது பிஸ்கட் டின்னாக இருந்தால் அதைத்தான் சாப்பிடத் தோன்றும். அவித்த முட்டை, வேகவைத்த கடலை, ஒரு வாழைப்பழம் என்று படுக்கும் முன்பே எடுத்து வைத்தால் அந்தப் பசியை எளிதாகக் கடக்கலாம். எல்லாவற்றுக்கும் முதலில் செய்யக்கூடியது, தே, கோப்பி, மைலோவில் டின் பாலையும் சீனியையும் விடுவது. ஒரேயடியாக முடியாது என்றால் பாதியாகக் குறைக்கலாம்.

நடையும் வேண்டும். சுகப்பிரசவமானால் உடம்பு இடம் கொடுத்ததும் வீட்டைச் சுற்றி நடக்கத் தொடங்கலாம். அறுவைப் பிரசவமானவர்கள் மெதுவான நடையோடு நிறுத்திக்கொண்டு, ஆறு வாரம் கழித்து மருத்துவரிடம் கேட்டு மற்றதைத் தொடங்க வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது இலக்கு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாலையில் கோயில் வரை போய் வந்தாலும் அது நடைதான். பத்தியம் முடியாமல் வாசற்படி தாண்டக் கூடாது என்ற வீடுகளில், முற்றத்துக்குள் நடப்பதற்காவது பெரியவர்கள் சம்மதிக்கலாம். உடற்பயிற்சி செய்தால் பால் கெட்டுவிடும் என்பது கட்டுக்கதை.

வயிற்றில் துணி கட்டுவதும், மலாய்க்காரர்களின் பெங்கோங் கட்டுவதும் முதுகுக்கும் வயிற்றுக்கும் தாங்கலாக இருக்கும். கொழுப்பைக் கரைக்காது. மூச்சு முட்ட இறுக்கினால் இடுப்படித் தசைக்கு அழுத்தம் கூடும். எடை குறைந்தும் வயிறு முன்னால் தள்ளியபடியே இருந்தால் வயிற்றின் நடுத்தசை விலகியிருக்கலாம். மல்லாந்து படுத்துத் தலையைச் சற்றுத் தூக்கும்போது தொப்புளுக்கு மேலும் கீழும் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி தெரிகிறதா என்று பார்க்கலாம். எட்டு வாரம் கழித்தும் அப்படி இருந்தால் இயன்மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த நிலையில் எழுந்து எழுந்து படுக்கும் வயிற்றுப் பயிற்சி செய்வது விலகலைக் கூட்டக்கூடும்.

மருந்தும் மாத்திரையும்

“100 விழுக்காடு இயற்கை, பால் கொடுப்பவர்களுக்கும் ஏற்றது” என்ற விளம்பரங்களை நம்பி 100, 200 வெள்ளி கொடுப்பவர்கள் பலர். இப்படி விற்கப்படும் இளைப்புப் பொருள்களில் சிபுத்ராமின் கலந்திருப்பதை நாட்டின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயம் காரணமாக 2010-ஆம் ஆண்டில் பல நாடுகளில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. “டிடாக்ஸ்” தேநீர்களில் பேதி மருந்தான சென்னா இருப்பது வழக்கம். அதைக் குடித்தால் இறங்குவது தண்ணீர் எடை மட்டுமே. பதிவு செய்த மருந்துப் பொட்டலத்தில் “எம்ஏஎல்” என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாததைத் தொடவே கூடாது. இருந்தாலும் பால் கொடுக்கும்போது மருத்துவரைக் கேட்காமல் எதையும் விழுங்கக் கூடாது.

சாப்பாட்டிலும் நடையிலும் கவனமாக இருந்தும் எடை ஏறுகிறது என்றால் வேறு காரணம் இருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் குடும்பக் கட்டுப்பாட்டு ஊசியால் சிலருக்கு எடை கூடும். ஊசியைத் தானாக நிறுத்திவிடாமல், மாற்று வழி என்ன என்று கிளினிக்கில் கேட்டுவிட்டு மாற்றலாம். பிரசவமான ஓராண்டுக்குள் தைராய்டு சுரப்பி மந்தமாகிச் சோர்வும் எடையும் கூடுவதும் உண்டு. ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சாப்பாட்டின் மேல் அடங்காத ஆசை அல்லது அறவே வெறுப்பு, காரணமில்லாத அழுகை, குழந்தையின் மேல் ஒட்டாத மனம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது எடைப் பிரச்சினையே அல்ல. பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் கிளினிக்கில் சிகிச்சை உண்டு.

வேலைக்குத் திரும்பும் நேரம் இன்னொரு திருப்பம். 2023 ஜனவரி முதல் தனியார் துறையிலும் பேறுகால விடுப்பு 98 நாள். அந்த மூன்று மாதம் முடிந்து ஷிப்ட் வேலைக்குப் போகும்போது பால் எடுத்து வைக்க இடமும் நேரமும் இல்லாமல் பலர் பால்மாவுக்கு மாறிவிடுகிறார்கள். பால் சுரப்பு நின்றதும் அந்த 500 கலோரிச் செலவும் நிற்கிறது, சாப்பாட்டு அளவு மட்டும் பழையபடியே தொடர்கிறது. குழந்தை பிறந்து ஐந்தாறு மாதத்தில் திடீரென்று எடை ஏறியதாகச் சொல்கிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். பால் நிற்கும்போது தட்டும் கொஞ்சம் சுருங்க வேண்டும்.

அழகுக்காக மட்டும் அல்ல

சேலை ரவிக்கை பிடிக்கிறதா என்பது சின்ன விஷயம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி நாட்டில் வயது வந்தவர்களில் பாதிப் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். நீரிழிவு இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு, மற்ற பெரிய இனங்களை விட அதிகம். ஒரு பிரசவத்தில் ஏறிய எடை இறங்காமல் அடுத்த கர்ப்பம் வந்தால் அந்தக் கர்ப்பத்தில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் வரும் வாய்ப்பு கூடுகிறது. கர்ப்ப கால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் அபாயம் மற்றவர்களை விட 7 முதல் 10 மடங்கு வரை அதிகம். தாய்ப்பால் கொடுப்பது அந்த அபாயத்தைக் குறைக்கிறது. எடை இறங்காவிட்டாலும் பாலை நிறுத்தாமல் இருக்க இது ஒன்றே போதுமான காரணம்.

கர்ப்ப காலத்தில் சீனி இருந்தவர்கள் பிரசவமான ஆறு வாரத்தில் மீண்டும் சீனித் தண்ணீர்ச் சோதனை செய்ய வேண்டும். “பிள்ளை பிறந்ததும் சீனி போயிடுச்சு” என்று பலர் இதற்குப் போவதே இல்லை. பிங்க் புக்கில் தேதி குறிக்கப்படாமல் இருந்தால் கிளினிக் கெசிஹாத்தானிலோ கிளினிக் டேசாவிலோ மிஸியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் காலையில் போக வேண்டும். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டியிருக்கும் என்பதால் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள மாமியாரையோ அம்மாவையோ கூட அழைத்துப் போவது நல்லது. காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தடை இல்லை. முடிவு சரியாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை இரத்தத்தில் சீனியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.